மலிவான மடிக்கணினி

பிள்ளையின் படிப்புக்கெனப் பாவித்த மடிக்கணினியொன்றை வாங்கக் கருதும் பெற்றோருக்கு யாம் தடை கூறோம். அலுவலகங்களிற் கழிக்கப்பெற்ற உறுதியான கருவி, மிக மலிவான புதியதினும் பல வேளைகளில் மேலானதே.

ஆயின், மேற்பளபளப்பில் மயங்காது இன்டெல் புரொசெசரின் தலைமுறையை வினவுதல் வேண்டும். ஐ5 என்பதன்பின் 7200 எனின் ஏழாவது. 8250 எனின் எட்டாவது. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிவுற்றது. விண்டோஸ் 11ஓ, ஏழாந் தலைமுறையிற் சிலவொழிய, எட்டாவது முதலானவற்றையே முறைப்படி ஏற்கும். “எப்படியும் போட்டுத் தருவோம்” என்னும் கடைக்காரர் வார்த்தையை நம்பற்க என்போம்.

8 ஜீ.பி. நினைவகமும் எஸ்.எஸ்.டி.யும் வேண்டும். பணங் கொடுக்குமுன், மின்னிணைப்பைக் கழற்றி அரைமணி நேரம் இயக்கிப் பார்த்தல் நன்று.

ஏழாந் தலைமுறையை முன்னரே வாங்கியோர் அதனை எறிய வேண்டா. உபுண்டு லினக்ஸை இலவசமாக நிறுவினால், தமிழிற் கட்டுரை எழுதவும் இணையத்திற் பாடங் கேட்கவும் அது போதும்.