கம்பத்தைச் சுற்றி ஒரு பயணம்

ஜூன் 3 உலக சைக்கிள் தினம். ஐ.நா. சபை 2018-ல் அறிவித்தது. அன்றைக்கு நம் மாவட்டத்தில் சைக்கிளைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாதவர்கள் தினமும் சைக்கிள் மிதிக்கிறவர்கள் மட்டும்தான். அவர்களுக்கு வேலைக்கு நேரமாகியிருக்கும்.

என் மச்சினி மகன் அன்று மாலை பர்கூர் வந்தான். ஓசூரில் ஒரு பெரிய கம்பெனியில் என்ஜினீயர். வியட்நாமில் சைக்கிள் சுற்றுப்பயணம் முடித்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தான். ஹனோயில் தொடங்கித் தெற்கே, கொஞ்சம் சைக்கிள், கொஞ்சம் வேன். ஒன்றரை லட்சத்துக்கு மேல் செலவாம். மாம்பழத்தை நறுக்கித் தட்டில் வைத்துவிட்டு, டிவியில் போனை இணைத்து, குடும்பத்தையே உட்காரவைத்துப் படம் காட்டினான். ஹை வான் கணவாயில் அவன், கூம்புத் தொப்பியோடு அவன், ஹோய் ஆனில் தைத்த சட்டையோடு அவன். ஊர் முழுக்கத் துணிக்கடையாக இருக்கும் பர்கூரில் பிறந்தவன் சட்டை தைக்கத் தென்சீனக் கடலோரம் போயிருக்கிறான்.

அதுகூடப் பரவாயில்லை. “லோக்கல் கல்ச்சரை அப்படியே அனுபவிச்சோம் பெரியப்பா” என்றான்.

“யார் வீட்டிலயாவது சாப்பிட்டியாடா?”

“ப்ரோக்ராம்லயே இருந்துது. அஞ்சாவது நாள். கிராமத்து வீடு. நாப்பது நிமிஷம்.”

எனக்கு இந்த வாரம் முழுவதும் அந்த நாற்பது நிமிஷம்தான் எரிந்துகொண்டிருந்தது. பெட்டி படுக்கையைச் சுமந்து ஒரு வேன் பின்னாலேயே வந்திருக்கிறது. அதில் தண்ணீர், வாழைப்பழம், மாற்று டியூப், ஒரு மெக்கானிக். பஞ்சர் ஆனால்கூட ஊர்க்காரன் ஒருவனிடம் போய் நிற்க வேண்டிய அவசியம் இல்லை. வேறு எதற்குத்தான் அவனிடம் பேசப்போகிறோம்?

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் வியாதி தெரியும். அடுத்து யார் வருவார் என்பதும் தெரியும். ‘மறுபடியும் அந்த அயர்லாந்து அம்மாவா’ என்று ஊத்தங்கரை வாசகர் இந்நேரம் கார்டை எடுத்திருப்பார். ஆமாம் ஐயா, அவர்தான். டெர்வ்லா மர்ஃபி.

பத்தாவது பிறந்தநாளுக்கு அப்பா அம்மா ஒரு பழைய சைக்கிள் தருகிறார்கள், தாத்தா ஒரு அட்லஸ் தருகிறார். லிஸ்மோர் என்ற சின்ன ஊரின் மேட்டுப் பாதையில் மிதித்துக்கொண்டே போகும்போது, இப்படியே விடாமல் மிதித்தால் இந்தியா போய்விடலாமே என்று சிறுமிக்குத் தோன்றுகிறது. பெரியவர்கள் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. பதினான்கு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, மூட்டுவாதத்தால் முடங்கிய அம்மாவைப் பார்த்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தார். 1962-ல் அம்மா இறந்தார். 1963 ஜனவரியில், ஐரோப்பா பனியில் உறைந்து கிடந்தபோது, மகள் கிளம்பிவிட்டார். ஆசியச் சாலைகளில் தாங்காது என்று சைக்கிளிலிருந்த கியரைக் கழற்றிப் போட்டுவிட்டார். கூடவே ஒரு கைத்துப்பாக்கி. யூகோஸ்லாவியாவில் ஓநாய்களைச் சுட அது தேவைப்பட்டது. துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக, ஜூலையில் டெல்லி. 1965-ல் ‘ஃபுல் டில்ட்’ புத்தகம் வந்தது.

நான் அந்தப் புத்தகத்தில் திரும்பத் திரும்பப் படிப்பது ஆப்கானிஸ்தான் பகுதியைத்தான். இருட்டினால் தேநீர்க்கடைத் தரையில் படுக்கிறார், கிராமத்தார் கொடுத்ததைச் சாப்பிடுகிறார். அந்தப் பயணத்திலேயே அவருக்குப் பட்ட பெரிய அடி சைக்கிளில் பட்டதில்லை. அங்கே ஒரு பஸ்ஸில் ஏறினார். உள்ளே நடந்த சண்டையில் யாருடைய துப்பாக்கிக் கட்டையோ இடித்து மூன்று விலா எலும்பு உடைந்தது. அதற்காக ஆப்கானியர்மேல் அவருக்கு இருந்த பிரியம் குறையவில்லை. பின்னாளில் ஐந்து வயது மகளைக் கூட்டிக்கொண்டு குடகுக்கும் கன்னியாகுமரிக்கும் வந்தார். அதைத் தனியே எழுதியாயிற்று. மறுபடி எழுதினால் ஆசிரியர் வெட்டுவார்.

டெர்வ்லா டெல்லிக்குக் கிளம்பியதற்கு நாற்பது வருஷம் முன்னாலேயே, 1923-ல், பம்பாயிலிருந்து ஆறு பார்சி இளைஞர்கள் உலகம் சுற்றக் கிளம்பினார்கள். அடி ஹக்கீம், ஜால் பாபசோலா, ருஸ்தம் பும்காரா ஆகிய மூவர்தான் 1928-ல் முடித்துத் திரும்பினார்கள். அவர்களுக்குப் பின்னாலும் வேன் வரவில்லை.

டெர்வ்லா கடந்த அதே ஈரானிலிருந்து பிறகு ஒரு படம் வந்தது. மொஹ்சென் மஹ்மல்பாஃப் எடுத்த ‘தி சைக்கிளிஸ்ட்’, 1987. நசீம் என்ற ஆப்கான் அகதி. மனைவி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், கையில் காசு இல்லை. ஒரு காலத்தில் சைக்கிள் வீரனாக இருந்தவன். ஏழு பகல், ஏழு இரவு இறங்காமல் ஒரே இடத்தை வட்டமாகச் சுற்றப் பந்தயம் போடுகிறார்கள். இயக்குநர் சிறுவயதில் நேரில் பார்த்த ஒரு பாகிஸ்தானியரின் நினைவில் பிறந்த கதை அது. என்னோடு அந்தப் படத்தைப் பார்த்த நண்பர்கள் உலக சினிமா என்று உச்சுக்கொட்டினார்கள். எனக்கு அது எங்கள் மாரியம்மன் கோயில் எதிரே இருந்த மைதானமாகத்தான் தெரிந்தது.

சைக்கிள் சுத்துறவர்! நாற்பதைத் தாண்டிய யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள், முகம் மாறும். எண்பதுகளில் பர்கூரைச் சுற்றியிருந்த கிராமங்களுக்கு வருஷம் ஒருவராவது வந்துகொண்டிருந்தார். மைதானத்தின் நடுவே ஒரு கம்பம், அதில் நான்கு டியூப்லைட், ஒரு மைக் செட். கம்பத்தைச் சுற்றி ஒரு மனிதர், வாரக் கணக்கில்.

எனக்கு நன்றாக நினைவில் இருப்பவர் சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். மனைவி தட்டை ஏந்திக் கூட்டத்துக்குள் வருவார். மைக் பெட்டிக்குப் பக்கத்தில் கட்டிய தூளியில் குழந்தை, அவ்வளவு சத்தத்திலும் அசந்து தூங்கும். அவர் சைக்கிளிலேயே பல் விளக்குவார், சவரம் செய்துகொள்வார், குடத்தைத் தலைக்கு மேல் தூக்கிக் கவிழ்த்துக் குளிப்பார். தரையில் வைத்த ரூபாய் நோட்டைச் சாய்ந்து வாயால் கவ்வுவார். ராத்திரி பத்து மணிக்கு மேல் மார்பில் டியூப்லைட்டை அடித்து உடைப்பார். பெண்கள் கண்ணை மூடிக்கொண்டு விரலிடுக்கில் பார்ப்பார்கள்.

ஊருக்கு ஒரே சந்தேகம், ஜனம் வீட்டுக்குப் போன பிறகு ஆள் இறங்கிவிடுகிறாரா என்பது. கையும் களவுமாகப் பிடித்தே தீருவேன் என்று என் சின்ன மாமா ஒரு கட்டுப் பீடியோடு கோயில் திண்ணையில் காவல் உட்கார்ந்தார். விடிகாலையில் அவரைத் தட்டி எழுப்பியது சைக்கிள் மணி. “அண்ணே, பனி கொட்டுது, உள்ள போய்ப் படுங்க.”

வந்த முதல் நாள் எங்கள் வீட்டிலிருந்து அவருக்குக் களி போனது. ராகிக் களி, அவரைக்கொட்டைக் குழம்பு. ஒரு கையில் ஹேண்டில்பார். மனிதர் களியைப் பிட்டு வாயில் போட்டு மென்றார்! மைதானமே விழுந்து விழுந்து சிரித்தது. களியை யாராவது மெல்லுவார்களா? குழம்பில் புரட்டி அப்படியே விழுங்க வேண்டாமா? என் பாட்டி பின்னாலேயே ஓட்டமும் நடையுமாகப் போய்ச் செய்து காட்டினாள். அவர் கண்ணில் நீர் வரத் தொண்டையில் இறக்கினார். கைதட்டல் டியூப்லைட்டுக்குக் கிடைத்ததைவிட அதிகம்.

எங்கள் பக்கம் பாதி வீட்டில் தெலுங்கு, சில தெருவில் உருது, சந்தைக்குப் போனால் கன்னடம். அவர் மைக்கில் பேசிய தெற்கத்தித் தமிழ் எங்கள் கிழவிகளுக்குப் பாதிதான் புரிந்தது. “அன்னம் தின்னாவா?” என்று ஒருத்தி கேட்டால் முதலில் முழித்தார். பிறகு அடுத்த சுற்றில் யாரிடமாவது அர்த்தம் கேட்டுக்கொண்டு, அதற்கடுத்த சுற்றில் “தின்னானம்மா” என்று பதில் சொல்லிக்கொண்டே போனார். சுற்றுக்கு ஒரு வார்த்தையாகப் படித்த ஆள். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து ஒரு பாய் டீயும் பன்னும் கொண்டுவந்தபோது உருதுவில் நன்றி சொல்ல யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் புது லுங்கியை அவர் தோளில் போட்டார். யார் வீட்டில் மாமியார் மருமகள் சண்டை, எந்தப் பையன் பரீட்சையில் கோட்டை விட்டான் என்பதெல்லாம் வாரக் கடைசியில் எங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. எல்லோரும் அவரோடு கூடவே நடந்து, இரண்டு சுற்று புலம்பிவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு வாய்ச் சோற்றுக்கும் அவர் ஊரைத்தான் நம்ப வேண்டியிருந்தது. வேறு வேன் கிடையாது.

  

கடைசி நாள் மாலை மேளம் வைத்து இறக்கினார்கள். கால் தரையில் பட்டதும் மடங்கியது. நான்கு பேர் தாங்கிப் பிடித்துக் கோயில் படியில் உட்காரவைத்தார்கள். அதற்குப் பிறகு நடந்தது யாரும் சினிமாவில் காட்டாதது. கணக்கு. மைக் செட் வாடகை, கரண்ட், இளைஞர் மன்றத்துக்குப் பங்கு, கோயிலுக்கு ஒரு தொகை. மிச்சத்தை அவர் மனைவி மூன்று முறை எண்ணினார். முகத்தில் திருப்தி இல்லை. என் சின்ன மாமா, காவல் காத்து ஏமாந்தவர், மன்றத்தாரோடு சண்டை போட்டு அவர்கள் பங்கில் பாதியைப் பிடுங்கிக் கொடுத்தார்.

மறுநாள் காலை குப்பம் போகும் பஸ்ஸின் கூரையில் சைக்கிளை ஏற்றிக் கட்டினார்கள். எல்லை தாண்டினால் ஆந்திரா. அங்கே மைதானம் பேசி வைத்திருந்தது. எனக்கு ஒரே ஆச்சரியம். வாரம் முழுக்க ராத்திரி பகலாக மிதித்தவர் பஸ்ஸில் போகிறாரே! ஜன்னலோரம் போய்க் கேட்டேன்.

“ஏண்ணே, குப்பம் கிட்டத்தானே, சைக்கிள்லயே போயிடலாமே?”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“சும்மா எவன் மிதிப்பான் தம்பி?”