லெம்பா பெர்த்தாம்: மதகைப் பார்த்தால் போதுமா?

கேமரன் மலை – கனமழை பெய்யும் இரவுகளில் லெம்பா பெர்த்தாம் மக்களின் கவலையெல்லாம் மேலே உள்ள சுல்தான் அபு பாக்கார் அணையைப் பற்றித்தான். 2013 அக்டோபர் 23ஆம் தேதி பின்னிரவில் அணையின் நீர்மட்டம் உயர்ந்து மதகுகள் திறக்கப்பட்டன. சேற்று வெள்ளம் ஆற்றோர வீடுகளில் புகுந்தது, உயிர்களும் பலியாயின. அடுத்த ஆண்டு நவம்பரில் ரிங்லெட், லெம்பா பெர்த்தாம் பகுதிகளை மீண்டும் சேறு தாக்கியது.

மதகைத் திறந்தது சரியா, தவறா என்றே பலரும் பேசினர். ஆனால் சிக்கல் மலைச்சரிவில் தொடங்குகிறது.

மின்சாரத்திற்காக 1963இல் கட்டி முடிக்கப்பட்ட இந்த அணையின் கொள்ளளவு சுமார் 67 லட்சம் கன மீட்டர். தெலோம் ஆற்று நீரும் சுரங்க வழியாக இங்கே வந்து சேர்கிறது. பிறகு அது பேராக்கில் உள்ள ஜோர் மின்நிலையத்திற்குச் செல்கிறது. ஏரியில் மண் படியப் படிய மழைநீருக்கு இடம் குறைகிறது. மதகைச் சீக்கிரமே திறக்க வேண்டியதாகிறது.

அந்த மண் எங்கிருந்து வருகிறது? தேயிலைச் செடி சரிவில் மண்ணைப் பிடித்து வைக்கும் என்பது தோட்டத்து மக்களுக்குத் தெரியும். காய்கறிக்காகவும் கட்டடங்களுக்காகவும் காட்டை அழித்து வெட்டிய சரிவில் அந்தப் பிடிப்பு இல்லை. பிளாஸ்டிக் கூரையில் விழும் மழை மண்ணில் ஊறாமல் ஓடைக்கு விரைகிறது. உரமும் பூச்சிமருந்தும் கூடவே போகின்றன. குடிநீருக்கும் இதே மலை ஓடைகளையே நம்ப வேண்டியுள்ளது.

இன்னொரு பக்கமும் உண்டு. நீர் சுரங்கத்திற்குத் திருப்பப்படுவதால் அணைக்குக் கீழே பெர்த்தாம் ஆறு பெரும்பாலான நாள்களில் சிற்றோடைபோல் தெரிகிறது. அதை நம்பி ஆற்றோரத்தில் வீடும் தோட்டமும் எழுந்தன. மதகு திறக்கும் நாளில் ஆறு தன் இடத்தைத் திரும்பக் கேட்கிறது.

நிலமும் ஆறும் மாநிலத்தின் பொறுப்பு; அணை தெனாகா நேஷனல் வசம்; குடிநீர் விநியோகம் 2005ஆம் ஆண்டு திருத்தத்திற்குப் பின் மத்திய, மாநில அரசுகளின் கூட்டுப் பட்டியலில் உள்ளது. மேலே நிலம் வெட்ட அனுமதிப்பது ஒருவர், கீழே தூர் வாருவது வேறொருவர்.

காய்கறி விவசாயம் நம்மவர் பலருக்கும் பிழைப்பு. அதை முடக்குவது தீர்வாகாது. சரிவில் படிக்கட்டு வரப்பு, மண்பிடி குட்டை, ஆற்றோரத்தில் விட்டுவைக்கும் நிலம் ஆகியவை அனுமதியின் நிபந்தனையாக வேண்டும். அபாயச் சங்கு ஊதினால் ஓடித் தப்பலாம். மண் இறங்குவதை நிறுத்தினால்தான் நிம்மதியாகத் தூங்கலாம்.