பெண் தேன்சிட்டைத் தெரியுமா?

செந்தேன்சிட்டு சிங்கப்பூரின் அதிகாரபூர்வமற்ற தேசியப் பறவை. அதன் படம் என்றாலே, தலையும் மார்பும் சிவந்த ஆண் பறவைதான் பெரும்பாலும் இடம்பெறுகிறது. மங்கிய பச்சை நிறமுள்ள பெண் பறவை எதிரிலேயே வந்து அமர்ந்தாலும், ‘ஏதோ ஒரு குருவி’ என்று பலர் கடந்துவிடுகின்றனர். இது சரியன்று. பெண் பறவைகளை விட்டுவிட்டுப் பறவைகளைக் கணக்கெடுக்க முடியுமா?

பெண் பறவையை அடையாளம் காண்பது சற்றுக் கடினம்தான். வீவக வீட்டுத் தாழ்வாரங்களின் பூந்தொட்டிச் செடிகளில்கூடக் கூடு கட்டும் மஞ்சள் வயிற்றுத் தேன்சிட்டின் பெண்ணும் ஏறக்குறைய அதைப்போலவே இருக்கும். இரண்டுக்கும் வளைந்த அலகு. பச்சை கலந்த முதுகு. ஆனால், தொண்டை முதல் வயிறு வரை பளிச்சென்ற மஞ்சளும் வால் நுனியில் வெண்மையும் இருந்தால் அது மஞ்சள் வயிற்றுத் தேன்சிட்டு. வயிறு மங்கலாகவும் வால் வெண்மையின்றியும் இருந்தால் அது செந்தேன்சிட்டின் பெண்.

கைப்பேசியில் படம் எடுத்துச் செயலியிடம் கேட்பது எளிது. ஆயினும், படத்தில் வால் நுனி தெரியாவிட்டால் செயலியும் தடுமாறும். அலகு, தொண்டை, வயிறு, வால் ஆகியவற்றை முதலில் கண்ணால் பார்த்துக் குறித்துக்கொள்வதே நல்லது. தேன்சிட்டு ஒரு பூவில் தங்குவது சில விநாடிகள்தாம்.