பாட்டி கட்டில் கால்... இனி ஹால் விளக்கு!

வேங்கிக்காலில் புது வீட்டுக்குக் குடிபோகும்போது, பாட்டி சீராகக் கொண்டுவந்த கட்டிலுக்கு மட்டும் இடமிருக்காது. பழைய சாமான் கடைக்குப் போடவும் மனசு வராது. அதன் கடைசல் கால் ஒன்று போதும், மேஜை விளக்கு ரெடி!

உளுத்துப்போகாத காலைத் தேர்ந்தெடுத்து, அகலமான பலகையில் ஸ்க்ரூ போட்டு இறுக்குங்கள். பின்பக்கம் நெடுகக் காடி எடுத்து ஒயரைப் பதியுங்கள். உச்சியில் ஹோல்டர், அதன்மேல் துணி ஷேடு. 60 வாட் குண்டு பல்பு வேண்டாம். சூட்டில் துணி கருகும். 9 வாட் எல்.இ.டி கிட்டத்தட்ட அதே வெளிச்சம் தரும்.

ஒயர், ஹோல்டர் எல்லாம் ஐ.எஸ்.ஐ முத்திரையோடு வாங்குங்கள். ஸ்விட்ச் ஃபேஸ் ஒயரில்தான் வர வேண்டும். 230 வோல்ட் விஷயம், எலெக்ட்ரீஷியன் பார்த்த பிறகே பிளக்கைச் செருகுங்கள்.

கார்த்திகையன்று மலையில் தீபம் தெரிந்ததும் வாசலில் அகல் வரிசை, ஹாலில் பாட்டியின் வெளிச்சம்!