கெமிஸ்ற் கேட்கும் கேள்விக்குக் கோபிக்க வேண்டாம்

சில மாதங்களுக்கு முன் ஒரு தாயாரை அவரது மகன் எம்மிடம் அழைத்து வந்தார் (அடையாளம் தெரியாதபடி விபரங்களை மாற்றியிருக்கிறோம்). இரண்டு கிழமையாக வயிற்றோட்டம், குமட்டல். அதற்கு மருந்து வாங்கக் கெமிஸ்றுக்குப் போனால், அங்கு நின்ற மருந்தாளர் "அம்மா வேறென்ன குளிசை எடுக்கிறா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாராம். "கடையில நிக்கிறவைக்கு இதெல்லாம் ஏன் டொக்டர்?" என்று மகனுக்குக் கோபம்.

தாயாரின் கைப்பையைத் திறக்கச் சொன்னோம். நாம் எழுதிக் கொடுத்த மெற்போமின் ஒரு பெட்டி. சென்னைக்குப் போனபோது வாங்கிய கிளைக்கோமெற் இன்னொரு பெட்டி. பெயர்தான் வேறு, மருந்து ஒன்றே. இரண்டையும் சேர்த்து விழுங்கி வந்திருக்கிறார். கெமிஸ்ற் கேட்டதுதான் சரியான கேள்வி. நாமும் அதை முன்னரே கேட்டிருக்க வேண்டும்.

எம்மவரில் பலர் மருந்தாளரைப் பலசரக்குக் கடைக்காரராகவே பார்க்கிறார்கள். பிரித்தானியாவில் மருந்தாளராவதற்கு நான்கு வருடப் பல்கலைக்கழகப் படிப்பு, ஒரு வருடப் பயிற்சி, அத்துடன் பதிவுப் பரீட்சையும் வேண்டும். 1841 இல் இலண்டனில் ஆரம்பிக்கப்பட்ட பார்மசியூட்டிக்கல் சொசைற்றியே நீண்டகாலம் இத்தொழிலின் சங்கமாகவும் காவலாளியாகவும் இருந்தது. தன் உறுப்பினருக்காகப் பேசும் அமைப்பே அவர்களை விசாரிப்பதும் பொருத்தமல்ல என்பதால் 2010 இல் இரு பணிகளும் பிரிக்கப்பட்டன. சொசைற்றி தொழிலுக்குத் தலைமை தாங்கும் பணியைத் தொடர்ந்தது. பதிவும் விசாரணையும் ஜெனரல் பார்மசியூட்டிக்கல் கவுன்சிலிடம் போயின. வைத்தியர்களாகிய எம்மை மெடிக்கல் கவுன்சில் கண்காணிப்பது போல, இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ் மருந்தாளர்களை இக்கவுன்சில் கண்காணிக்கிறது. பெரும் தவறு செய்தவரைப் பதிவிலிருந்து நீக்கவும் அதற்கு அதிகாரம் உண்டு.

ஆகவே, மருந்தாளர் கேள்வி கேட்பது வம்புக்கல்ல. கேட்காமல் விடுவதுதான் அவரது தொழிலில் குற்றம். துண்டு இல்லாமல் அன்ரிபயோரிக் தர மறுப்பதும் அப்படியே. ஊரில் கேட்டவுடன் தருவார்கள் என்று அவருடன் சண்டை பிடிப்பதில் நியாயமில்லை.

எம்மவரின் பழக்கத்துக்கும் ஒரு காரணம் உண்டு. 90களில் பொருளாதாரத் தடைக்குள் பனடோலுக்கே அலைந்தவர்கள் நாம். மிஞ்சிய குளிசையை எறிய மனம் வராது. பக்கத்து வீட்டுக்கு இரண்டு கொடுப்பது அன்று உதவி. இங்கு அதுவே ஆபத்தாகலாம். வோபரின் எடுக்கும் ஒருவருக்கு நாரிநோவுக்கு இபுபுறோபன் கொடுத்தால் இரத்தப்பெருக்கு ஏற்படலாம். பனடோலுடன் தடிமன் மருந்தையும் குடிப்பவர், இரண்டிலும் பரசெற்றமோல் இருப்பதை அறியாமலே அளவைத் தாண்டக்கூடும். வளர்ந்தவருக்கு 24 மணித்தியாலத்தில் 500 மில்லிகிராம் குளிசை எட்டுக்கு மேல் கூடாது.

கவுன்சிலிடமும் எமக்கு ஒரு குறை உண்டு. நோயாளியுடன் விளங்கும்படி பேச வேண்டும் என்பது அது விதித்த ஒழுங்குகளில் ஒன்று. ஆனால் பெட்டிக்குள் இருக்கும் தாள் ஆங்கிலத்தில். அம்மம்மாவுக்கு அதைப் பத்து வயதுப் பேரன் மொழிபெயர்க்கிறான். பிள்ளை பிழையாகச் சொன்னால் யார் பொறுப்பு? இதை எமது சங்கம் கவுன்சிலுக்கு எழுத்தில் கேட்க வேண்டும் என்பது எமது கருத்து. கேட்காத சமூகத்துக்கு யாரும் தாமாக வந்து தரமாட்டார்கள்.

அதுவரை நாம் செய்யக்கூடியவை சில. ஊரிலிருந்து கொண்டுவந்த மருந்துகள், கைமருந்து உட்பட எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கெமிஸ்றிடம் காட்டுங்கள். மற்றவர் முன் பேசக் கூச்சமென்றால் தனி அறை கேளுங்கள். மிஞ்சிய மருந்தைத் திருப்பிக் கொடுங்கள். இங்கிலாந்தில் 2024 ஜனவரி 31 முதல் தொண்டை நோ, பிள்ளைகளின் காதுக்குத்து, பெண்களின் சிறுநீர்த் தொற்று உட்பட ஏழு வருத்தங்களுக்கு, தேவையெனில் அன்ரிபயோரிக் கூட, ஜிபியிடம் வராமலே மருந்தாளர் தரலாம்.

அடுத்தமுறை அவர் "வேறென்ன எடுக்கிறீர்கள்?" என்று கேட்டால், மறைக்காமல் சொல்லுங்கள்.