விலக வேண்டியது உடலா, குமுகமா?

சொல்லில் நேரும் பிழை ஏட்டோடு நின்றுவிடுவதில்லை. தெருவில் இறங்கி மக்களைப் பிரித்தும் விடும். 2020-ஆம் ஆண்டில் மகுடைநோய் (கொரோனா) பரவியபோது 'சமூக விலகல்' என்னும் சொல் நம்மேல் சுமத்தப்பட்டது. ஒருவரையொருவர் நெருங்காமல் சற்றே தள்ளி நிற்க வேண்டும் என்பதன்றோ மருத்துவர் கருத்து? அது உடல் இடைவெளி. உலக நலவாழ்வு நிறுவனமே அவ்வாண்டு மார்ச்சு 20-இல் உடல் இடைவெளி என்று சொல்வதே பொருந்தும் எனத் திருத்திக்கொண்டது. நம் நாளிதழ்களோ ஆங்கிலத் தொடரை அப்படியே பெயர்த்துப் பரப்பின.

'சமூகம்' வடசொல், ஆகலின் 'குமுக விலகல்' என்றால் தீர்ந்தது என்று நம் அன்பர் சிலர் கருதக்கூடும். தீராது. பிழை ஒலியில் இல்லை, கருத்தில் உள்ளது.

ஏலகிரி மலையடியில் வாணியம்பாடி முதல் ஆம்பூர் வரை தோல்தொழில் செய்து வாழும் எளியோரைக் கேளுங்கள். தோலை ஊறவைத்து, சுண்ணமிட்டு, மயிர் களைந்து பதனிட்ட கைகளுக்கு அவ்விலகல் புதிதா? அக்கைகள் ஆக்கிய காலணி கடல்கடந்து ஐரோப்பியர் கால்களில் ஏறிற்று. ஆக்கியவனை ஊர்க்கிணற்றருகே விட்டார்களா? தீண்டாமையின் மறுபெயரை மருந்தென்று புகட்டிய கொடுமையை என்னென்பது!

மார்ச்சு 24 இரவு எட்டு மணிக்குத் தலைமை அமைச்சர் இந்தியில் பேசினார். நள்ளிரவு முதல் 21 நாள் நாடு முழுதும் ஊரடங்கு என்றார். இடையே நான்கு மணி நேரம்! சுண்ணத்தொட்டியில் இட்ட தோல் அதுவரை காத்திருக்குமா? உரிய நாளில் எடுக்காவிடில் கெடும். அன்றாடக் கூலியின் வயிறும் அவ்வாறே. மாநில அரசு குடும்ப அட்டைக்கு 1000 உருபா தந்தது. எத்தனை நாளுக்குப் போதும்? ஏலகிரிப் பாதையின் வளைவுகளுக்குப் புலவர் பெயரும் கடையெழு வள்ளல் பெயரும் சூட்டியிருக்கிறோம். பாரியின் பெயர் மலைமேல் இருந்தது. அடிவாரத்தில் அடுப்பு அணைந்திருந்தது.

தில்லி நிசாமுதீன் கூட்டத்திற்குச் சென்று திரும்பியோரிடம் தொற்று கண்டது உண்மை. ஆனால் நோய்க்கணக்கைச் சமயக்கணக்காக்கி, முசுலிம்கள் அனைவரையும் ஐயுற வைத்த பொய்யுரைகள் நோயினும் விரைந்து பரவின. அவற்றை நம்பியவருள் தமிழரும் இருந்தனர் என்பது நமக்குத் தலைகுனிவு. பின்னர்ப் பெற்ற பிள்ளைகளே அஞ்சி ஒதுங்கிய பிணங்களைச் சமயம் பாராது அடக்கம் செய்தவருள் முசுலிம் இளைஞர் பலர் இருந்தனர்.

மக்கள் கருத்து எப்போதும் தவறுவதில்லை. மே 12-இல் வாணியம்பாடியில், இடைவெளி பேணவில்லை என்று நகராட்சி ஆணையர் பழவண்டிகளைக் கவிழ்த்தார். பழங்கள் தெருவில் சிதறின. அக்காட்சியைக் கண்ட தமிழகம் கொதித்தது. ஆணையர் வருத்தம் தெரிவித்து வணிகர்க்கு இழப்பீடும் தந்தார். ஏழையின் முதலைத் தெருவில் எறிவது எந்த மருத்துவ நூலில் உள்ளது? விலகச் சொன்னது உடலை, விலக்கப்பட்டதோ எளியவன்.

அடுத்த கொள்ளைநோய் வருமுன் இச்சொல் அரசு ஏடுகளினின்று நீங்க வேண்டும். 'சமூக இடைவெளி' எனச் சற்றே மாற்றி எழுதுவதும் போதாது. 'உடல் இடைவெளி' என்பதையே வழங்குமாறு மாநில நலவாழ்வுத் துறைக்கு அன்பர்கள் இத்திங்களே மடல் விடுக்க.