முளையவியல் பயிற்சி: பணம் கட்டி மட்டும் இடம் பிடிக்க முடியாது

விஞ்ஞானப் பட்டம் முடித்த பெண்பிள்ளைகளின் வாப்பாமார் இருவர் அண்மையில் தனித்தனியாக என்னிடம் ஒரே விடயத்தைக் கேட்டார்கள். பிள்ளை 'கிளினிக்கல் எம்ப்ரியோலொஜி' பயிற்சிக்கு விண்ணப்பிக்கப் போகிறேன் என்கிறாள். அது என்ன, எத்தனை இலட்சம் முடியும், எந்த ஏஜன்சியைப் பிடிக்கலாம்? வியாபாரிகள் கேட்கும் கேள்விதான். எந்தச் சரக்கானாலும் நாம் முதலில் விலையைத்தானே கேட்போம். ஆனால் இந்த விடயத்தில் விலைக்கு முன்னால் கேட்க வேண்டியவை இருக்கின்றன. அவற்றைக் கேட்காமல் பணத்தைக் கட்டிவிட்டு, பட்டமும் கையுமாகப் பிள்ளை வீட்டில் இருக்கும் நிலை வரக்கூடாது என்பதற்காகவே இவ்வாரம் இதனை எழுதுகிறேன்.

தமிழில் இதை மருத்துவ முளையவியல் என்று சொல்லலாம். பிள்ளைப் பாக்கியம் தாமதமாகும் தம்பதியருக்கு டெஸ்ட் டியூப் முறையில் சிகிச்சை செய்யும்போது, டொக்டர் மனைவியின் முட்டையை எடுத்துக் கொடுப்பார். அதன் பிறகு ஐந்து, ஆறு நாட்கள் வரை அந்த முட்டை ஆய்வுகூடத்தில் இருப்பவரின் பொறுப்பு. கணவனின் விந்தைத் தயார் செய்வது, அதை முட்டையோடு சேர்ப்பது, விந்து பலவீனம் என்றால் ஒரேயொரு விந்தணுவைத் தெரிந்தெடுத்து நுண்ணிய கண்ணாடி ஊசியால் முட்டைக்குள் செலுத்துவது, 37 பாகைச் சூட்டில் இன்குபேட்டரில் வளர்ப்பது, எந்த முளையம் உருப்படியானது என்று பார்த்துக் கொடுப்பது, மிச்சத்தைக் கழித்தல் 196 பாகையில் திரவ நைதரசனில் உறைய வைப்பது, எல்லாம் அவர் வேலை. அவர் டொக்டர் அல்லர், விஞ்ஞானப் பட்டதாரி. 1978 ஜூலை 25ஆம் திகதி இங்கிலாந்தின் ஓல்டம் நகரில் லூயிஸ் பிரவுன் என்ற முதலாவது டெஸ்ட் டியூப் குழந்தை பிறந்தபோது ஸ்டெப்டோ, எட்வர்ட்ஸ் என்ற இரண்டு பெயர்கள்தான் உலகத்துக்குத் தெரிந்தன. மூன்றாமவர் ஜீன் பர்டி என்ற பெண். தாதியாகப் பயிற்சி பெற்று வந்தவர், ஆய்வுகூடத்தில் அந்த முளையத்தைப் பார்த்துக் காத்தவர் அவரே. 1985இல் இளவயதிலேயே அவர் இறந்துவிட்டார். எட்வர்ட்ஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது 2010இல்.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி, வாழ்நாளில் ஆறு பேரில் ஒருவருக்கு இந்தக் குறை ஏற்படுகிறது. அந்த ஆறில் ஒருவர் நமது தெருவிலும் இருக்கிறார். கடையை மச்சானிடம் ஒப்படைத்துவிட்டு, வெளியில் காரணம் சொல்லாமல் மனைவியோடு கொழும்புக்கும் சென்னைக்கும் போய் வருபவர்கள் யார் எவர் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. போகும்போது பெரிய டொக்டர் யார் என்று விசாரிக்கிறோம். ஆய்வுகூடத்தில் யார் என்று கேட்பதேயில்லை.

கேட்க வேண்டிய இடம் அதுதான். 1980இல் அல்அஸ்ஹர் இந்தச் சிகிச்சை பற்றி ஃபத்வா கொடுத்தது. 1986 ஒக்டோபரில் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் சபை ஏழு முறைகளை எடுத்து ஆராய்ந்து, ஐந்து கூடாது என்று தீர்மானித்தது. நிகாஹ் நிலைத்திருக்கும் கணவனின் விந்தும் அதே மனைவியின் முட்டையும் சேரும் இரண்டு முறைகளை மட்டும், தேவை ஏற்பட்டால், வேண்டிய எல்லா முன்னெச்சரிக்கைகளோடும் செய்யலாம் என்றது. அந்த முன்னெச்சரிக்கையை எடுக்க வேண்டியவர் யார்? ஃபத்வா கொடுத்த உலமாவும் இல்லை, டொக்டரும் இல்லை. சின்னஞ்சிறு தட்டில் பெயரை எழுதி, சரியான தட்டைச் சரியான நேரத்தில் எடுப்பவர்தான். நஸப் என்ற பெரிய விடயம் அந்த மேசையில் இருக்கிறது.

பிழைக்காது என்று நினைக்க வேண்டாம். 2002இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் வெள்ளைக்காரத் தம்பதிக்குக் கறுப்பினச் சாயலில் இரட்டைக் குழந்தைகள் பிறந்த விவகாரம் வெளிவந்தது. வேறொருவரின் விந்து கலந்துவிட்டது, வழக்கு நீதிமன்றம் வரை போனது. அண்மையில் 2025இல் அவுஸ்திரேலியாவின் பெரிய நிறுவனமான மொனாஷ் ஐவிஎஃப், தனது பிரிஸ்பேன் நிலையத்தில் ஒரு பெண்ணுக்கு இன்னொரு தம்பதியின் முளையம் வைக்கப்பட்டு, அவர் வேற்றாளின் குழந்தையைப் பெற்றெடுத்ததாக அறிவித்தது. சில வாரங்களில் மெல்பேணில் இன்னொரு பிழை தெரியவர, தலைமை நிர்வாகி பதவி விலகினார். இத்தகைய பிழையைத் தடுக்கத்தான் ஒருவர் செய்வதை இன்னொருவர் பக்கத்தில் நின்று பார்த்துக் கையொப்பம் வைக்கும் இரட்டைச் சாட்சி முறை இருக்கிறது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்து இரண்டு சாட்சி வைக்கும்படி சூரத்துல் பகராவில் படித்த நமக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. அந்தச் சாட்சிகளில் ஒருவராக நமது பிள்ளை இருந்தால் என்ன?

சரி, எப்படி உள்ளே போவது? உலகத்தில் நன்றாக ஒழுங்குபடுத்தப்பட்ட வழிகளில் ஒன்று இங்கிலாந்தின் எஸ்.டி.பி. எனப்படும் விஞ்ஞானிகள் பயிற்சித் திட்டம். அந்நாட்டு அரச சுகாதார சேவை 2011இல் தொடங்கியது. மூன்று வருடம் ஒரு வைத்தியசாலையில் வேலை, சம்பளம் உண்டு, கூடவே முதுமாணிப் பட்டம், அதன் கட்டணமும் அவர்கள் பொறுப்பு. முடித்தவர் மருத்துவ விஞ்ஞானியாகப் பதிவு செய்துகொள்ளலாம். இதைக் கேட்டவுடன் வாப்பாமாரின் முகம் மலரும். ஆனால் ஒரு விண்ணப்பதாரி ஒரு துறைக்கு மட்டும்தான் விண்ணப்பிக்கலாம். முளையவியல் அடங்கிய இனப்பெருக்க விஞ்ஞானத் துறையில் நாடு முழுவதற்கும் கிடைக்கும் இடங்கள் மிகக் குறைவு, போட்டியோ மிகக் கடுமை. அந்நாட்டுப் பிள்ளைகளே இரண்டு தடவை, மூன்று தடவை விண்ணப்பித்துத்தான் நுழைகிறார்கள். நமது பிள்ளைகளுக்கு அதற்கு முன்னால் இன்னொரு வாசல் உண்டு, அங்கே வேலை செய்யும் உரிமை. குடிவரவுச் சட்டம் அங்கே அடிக்கடி மாறுகிறது. அந்த வருடத்துச் சட்டத்தைப் பார்க்காமல் விண்ணப்பப் படிவத்தைத் தொடுவது, இறக்குமதி அனுமதி பார்க்காமல் கொண்டெய்னர் ஏற்றுவது போன்றது.

இங்கேதான் ஏஜன்சிக்காரர் வருகிறார். "பயிற்சி கிடைக்காவிட்டால் என்ன, ஒரு வருட முதுமாணிக்கு அனுப்புவோம்" என்பார். ஒக்ஸ்போர்ட், லீட்ஸ், அவுஸ்திரேலியாவின் மொனாஷ் போன்ற பல்கலைக்கழகங்களில் முளையவியல் முதுமாணி இருப்பது உண்மை. நல்ல படிப்புகள்தான். ஆனால் இங்கிலாந்தில் அந்தப் பட்டம் வேறு, பதிவு பெற்ற மருத்துவ விஞ்ஞானி என்ற தகுதி வேறு. ஒரு வருடப் பட்டம் முடித்தவரும் அந்தப் பயிற்சிக்கு மற்றவர்களோடு வரிசையில்தான் நிற்க வேண்டும். கட்டணமும் தங்குமிடச் செலவும் சேர்ந்தால் இன்றைய ரூபாவில் கோடியைத் தாண்டும். காத்தான்குடியில் அது ஒரு சீதன வீடு. வீட்டை விற்றுப் பட்டம் வாங்கி, பட்டத்துக்கு வேலை இல்லாமல் திரும்பினால் அந்தப் பிள்ளையை ஊர் என்ன பேசும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பக்கத்து நாட்டைப் பார்த்தால், மணிப்பால் பல்கலைக்கழகத்தில் மருத்துவ முளையவியலுக்கென்று தனித் துறையும் இரண்டு வருட முதுமாணியும் இருக்கின்றன. இடங்கள் கொஞ்சம்தான், ஆனால் செலவு இங்கிலாந்தோடு ஒப்பிட முடியாதது. இந்தியா 2021இல் இந்தச் சிகிச்சைக்கென்று தனிச்சட்டம் கொண்டுவந்து, முளையவியலாளருக்குத் தகுதியும் அனுபவமும் இன்னதென்று வரையறுத்துவிட்டது. எனவே அங்கும் கையில் பழக்கம் இல்லாத பட்டத்துக்கு மதிப்புக் குறைவுதான். என் அபிப்பிராயத்தைக் கேட்டால், வசதி இருந்தாலும் முதலில் மணிப்பாலைப் பார்ப்பதே புத்தி.

எந்த நாடானாலும் தெரிவு செய்பவர்கள் பார்ப்பது ஒன்றைத்தான். இந்தப் பிள்ளை பெயரைக் கேட்டு மயங்கி வந்ததா, வேலையைப் பார்த்துவிட்டு வந்ததா? நமது பொடியன்களைப் புறக்கோட்டைப் புடவைக் கடையில் சேர்க்கும்போது முதலாளி என்ன செய்தார்? முதல் நாளே கல்லாப் பெட்டியில் உட்கார வைத்தாரா? துணி மடிக்க விட்டார், சரக்கு இறக்க விட்டார், இரண்டு பெருநாள் சீசன் தாண்டிய பிறகுதான் பில் புத்தகத்தைத் தொட விட்டார். இதுவும் அதே கதைதான். பல்கலைக்கழகத்தில் இருக்கும்போதே தொடங்க வேண்டும்.

முதலாவது, வகுப்புச் சித்தி. எஸ்.டி.பி.க்கு முதல் வகுப்போ இரண்டாம் வகுப்பு மேற்பிரிவோ வேண்டும். அதற்குக் கீழே என்றால், பொருத்தமான உயர் பட்டமும் சேர்ந்திருக்க வேண்டும். நமது பிள்ளைகள் பலர் மூன்று வருடத்தோடு பொதுப் பட்டத்தை முடித்துக்கொண்டு வருகிறார்கள். கலியாணப் பேச்சு வந்துவிடும் என்ற அவசரம்! விலங்கியல், உயிர் இரசாயனம், மூலக்கூற்று உயிரியல் போன்றவற்றில் நான்கு வருடச் சிறப்புப் பட்டம் செய்ய வாய்ப்புக் கிடைத்தால் அந்த ஒரு வருடத்தைப் பிள்ளைக்குக் கொடுங்கள். கடைசி வருட ஆய்வை இனப்பெருக்கம் சம்பந்தமாக எடுத்தால் நேர்முகத்தில் பேச விடயம் இருக்கும்.

அடுத்தது ஆய்வுகூட வேலை. இந்தத் துறைக்கு வாசற்படி விந்துப் பரிசோதனை. உலக சுகாதார நிறுவனம் அதற்கென்று 1980இலிருந்து கைநூல் வெளியிட்டு வருகிறது, ஆறாம் பதிப்பு 2021இல் வந்தது. அந்தக் கைநூலின்படி எண்ணவும் அசைவைப் பார்க்கவும் வடிவத்தைப் பிரிக்கவும் பழகிய ஒருவரை எந்த நிலையமும் கவனிக்கும். உம்மாமார் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள் என்பது தெரியும். குமர்ப் பிள்ளை செய்கிற வேலையா இது என்பார்கள். அது ஆய்வுகூட மாதிரி, இரத்தமும் சிறுநீரும் எப்படியோ அப்படி. அதைக் கொடுத்த ஆளைப் பிள்ளை பார்க்கப்போவதும் இல்லை. நமது பெண்கள் மகப்பேற்று வார்டுக்குப் போகும்போது பெண் டொக்டர் இல்லையா என்று கேட்கிறோம். யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளை படித்தால்தானே அந்தப் பெண் டொக்டர் வருவார்.

மார்க்க விடயத்திலும் ஒரு தயாரிப்பு வேண்டும். வெளிநாட்டு நிலையங்களில் வேற்று ஆளின் விந்து, வேற்றுப் பெண்ணின் முட்டை எல்லாம் வழக்கமான வேலை. இங்கிலாந்தின் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் 38ஆம் பிரிவு, மனச்சாட்சிக்கு விரோதமான வேலையில் பங்குகொள்ள மறுக்கும் உரிமையைக் கொடுக்கிறது. சட்டத்தில் உரிமை இருந்தாலும், பாதி வேலையை மறுப்பேன் என்று சொல்லும் பயிற்சியாளரை எந்த நிலையம் விரும்பி எடுக்கும்? உறைய வைத்த மிச்ச முளையங்கள் பற்றியும் ஃபிக்ஹ் சபை 1990இல் ஜித்தாவில் கூடியபோது தனியாகத் தீர்மானம் எடுத்திருக்கிறது. இவற்றையெல்லாம் விண்ணப்பிக்க முன்னரே ஓர் ஆலிமிடம் உட்கார்ந்து கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும். நேர்முகத்தில் தடுமாறினால் அங்கேயே முடிந்தது.

அப்படியானால் வாப்பா எதற்குப் பணம் செலவழிப்பது? பட்டம் முடிந்த பின்னர் ஒன்றிரண்டு வருடம் கொழும்பில் ஏதாவது ஆய்வுகூடத்தில் குறைந்த சம்பளத்துக்கோ சம்பளமே இல்லாமலோ பிள்ளை பழகுவதற்கு, நம்பிக்கையான சொந்தக்காரர் வீட்டில் அல்லது பெண்கள் விடுதியில் தங்குவதற்கு, ஆங்கிலத்தில் எழுதவும் பேசவும் பயிற்சி எடுப்பதற்கு. கோடி தேவையில்லை. ஒரு சின்னக் கடைக்குப் பகடி கொடுக்கும் காசுக்குள் முடியும். ஆனால் இதற்கு ரசீது கிடையாது, சுவரில் மாட்டப் படம் கிடையாது. அதனால்தான் நாம் தயங்குகிறோம். கோடி கொடுத்துப் பட்டம் வாங்கத் துணிகிறவர், பிள்ளை சும்மா போய் வேலை பழகுவதற்கு மாதம் சில ஆயிரம் கொடுக்க யோசிக்கிறார்.

இந்தப் பழக்கத்துக்குக் கணக்கு வைக்க வேண்டும். ஐரோப்பிய முளையவியல் சங்கமான எஸ்ரே 2008இலிருந்து நடத்தும் சான்றிதழ்ப் பரீட்சைக்கு, பட்டத்தோடு மூன்று வருட ஆய்வுகூட அனுபவமும் செய்த வேலைகளின் பதிவுப் புத்தகமும் கேட்கிறார்கள். முளையவியல் ஆய்வுகூடத்தில் இடம் கிடைக்கும் நாள் வரை காத்திருக்காமல், விந்துப் பரிசோதனை மேசையில் உட்காரும் முதல் நாளிலிருந்தே பிள்ளை அப்படியொரு புத்தகத்தைத் தொடங்கலாம். பக்க எண் போட்ட கட்டுப் புத்தகமாக இருக்கட்டும், தனித் தாள்கள் வேண்டாம். திகதி, செய்த வேலை, எத்தனை மாதிரி, தானே செய்ததா பக்கத்தில் நின்று பார்த்ததா என்று எழுத வேண்டும். நோயாளியின் பெயரை எழுதவே கூடாது. அன்றன்றைய பக்கத்துக்கு அன்றன்றே பொறுப்பாளரின் கையொப்பம் வாங்கிவிட வேண்டும். வேலையை விட்டு வரும் நாளில் மொத்தமாகக் கையொப்பம் கேட்டால், எந்தப் பொறுப்பாளரும் தயங்குவார்.